கிடைக்குமுன் வைத்த நன்றிப் பூசை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அட்டைத் தடுப்புகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்கள். மின்விசிறி சுற்றும், காற்று வராது. முதல் பல்கலைக்கழகம் என்னை வேண்டாம் என்று சொன்னது அங்கேதான். விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் அடித்தேன். திரை வெள்ளையாகி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, ஒரே ஒரு வரியைக் காட்டியது. நீங்கள் தேர்வு செய்யப்படவில்லை. அதை அவர்கள் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தையில் முடித்திருந்தார்கள்.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். மறுபடியும். சென்டர் வைத்திருந்த அண்ணன் எழுந்து என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, வரலியா?"

"நம்பர் தப்பா அடிச்சுட்டேன் போலண்ணா."

"எத்தினி தரம் தப்பா அடிப்ப? நகரு."

அவரே விண்ணப்பச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தார். அதே வரி. அவர் என் தோளைத் தொட்டார். "எல்லாப் புள்ளைங்களும் இந்த சீட்ல குந்தினு இப்பிடித்தான் திரும்பத் திரும்ப அடிக்குதுங்க. அது மாறாது தம்பி. டீ சொல்லட்டுமா?"

டீ வேண்டாம் என்று இறங்கி வந்தேன். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை எப்படி நிறுத்துவது என்பதுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பாதிக்குமேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். சின்னதாக ஒரு அந்தோணியார் கோவில். ஆனால் எங்களுக்கென்று தனியாகச் சாமியார் கிடையாது. பங்குச் சாமியார் பெரிய ஊரில் இருப்பார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கோவிலைத் திறப்பது, மணி அடிப்பது, செபமாலை சொல்லவைப்பது எல்லாம் உபதேசியார். செத்தவர் நினைவு, கல்யாண நாள், விசா வந்தது, மாடு நல்லபடியாகக் கன்று போட்டது என்று ஊரில் எல்லாருக்கும் பூசையில் வாசிக்கச் சொல்ல ஒரு கருத்து இருக்கும். வருகிற பூசையோ கொஞ்சம். ஆகவே முன்னாலேயே உபதேசியாரிடம் சொல்லி நாள் பிடித்துவிட வேண்டும். அம்மா பிடித்துவிட்டாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் விழுப்புரத்தில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். மேடையில் பேசியவர், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு மனசுக்குள் சந்தேகம் இருக்கிறது, கையில் வருவதற்கு முன்னாலேயே நன்றி சொல்கிறவனுக்குத்தான் விசுவாசம் இருக்கிறது என்றாராம். அம்மா அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் உபதேசியார் வீட்டுக்குப் போய், மகனுக்குச் சீட்டு கிடைக்க வேண்டும் என்று மன்றாட்டுப் பூசை கேட்கவில்லை. மகனுக்குச் சீட்டு கிடைத்ததற்கு நன்றிப் பூசை என்று எழுதவைத்துவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்குள் முடிவு வந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தது நான்தான்.

சீட்டு என்றால் எம்.எஸ்சி. இயற்பியல். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். ஒன்று கடலோரத்தில், ஒன்று ஆந்திரப் பக்கம், ஒன்று வடக்கே வெகுதூரம். திண்டிவனத்தில் நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியின் இருட்டறையில் ஒரு சோடியம் விளக்கு இருந்தது. அதன் மஞ்சள் வெளிச்சத்தை ஸ்பெக்ட்ரோமீட்டரின் குழாய் வழியாகப் பார்த்தால், ஒரே கோடாகத் தெரிவது கண் பழகப் பழக இரண்டு கோடாகப் பிரியும். முதன்முதலாக அது பிரிந்ததைப் பார்த்த அன்று, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்திலிருந்த முகம் தெரியாத ஆளிடம் அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகங்களின் விளம்பரப் புத்தகத்தில் லேசர் படம் போட்டிருந்தார்கள். அந்த அறைக்குள் ஒருநாள் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கழனி வேலை. என் ஆசையை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் 'பெரிய படிப்பு' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

கூட்டுரோட்டில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கழனிக்குப் போனேன். கோடை மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புங்கமரத்து நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா. அம்மாவுக்குத் தங்கை முறை. வாய் கொஞ்சம் நீளம்.

"வந்துட்டாருடி கலெக்டரு," என்றாள் சின்னம்மா. "இன்னாப்பா, காலேஜுக்காரன் எப்ப வரச்சொன்னான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, என்னை வரப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"வரலியா?"

"வரலம்மா."

"இந்தக் கடலாண்டை இருக்கறதா?"

"ஆமா."

"இன்னும் ரெண்டு இருக்குதுன்னியே?"

"இருக்குது. அதுவும் வருமான்னு தெரியாது. நீ மொதல்ல உபதேசியாருகிட்ட போய் அந்தப் பூசைய நிறுத்தச் சொல்லும்மா."

அம்மா தலைமேல் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எந்தக் காலேஜுன்னு நான் சொன்னனா? சீட்டுக்குன்னுதான் சொன்னேன். மூணுல எது வந்தா இன்னா? குடுத்த நன்றியத் திருப்பி வாங்கிக்கினு வரச்சொல்றியா? நாளைக்கு அந்தோணியாரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அவ குடுத்துட்டான்னா குடுத்ததுதான்டா. நீ மீதி ரெண்டப் பாரு," என்றார். நான் பரீட்சையை எழுதி முடித்தாகிவிட்டது, இனி நான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. அவர் வேலையில், கடைசி மூட்டை இறங்குகிறவரைக்கும் தோளில் பலம் காட்டலாம். என் விஷயத்தில் மூட்டை என் தோளிலிருந்து எப்போதோ இறங்கி எங்கேயோ போய்விட்டது.

நான் தனியாக உபதேசியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் காதைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அம்மா வந்து சொன்னா மாத்திப்புடலாம்ப்பா. நீ சொல்லி மாத்தினா ஒங்கம்மா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடும்."

ஞாயிறு வந்தது. கோவில் முழுக்கக் கூட்டம். அம்மா தன் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் ஆண்கள் பக்கம் தூண் மறைவில். சாமியார் கருத்துகளை வாசித்தார். இறந்துபோன மூன்று பேர். ஒரு இடுப்பு வலி. பிறகு என் பெயர். இந்த ஊரிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போகும் முதல் பிள்ளை என்று உபதேசியார் எழுதாததையும் சேர்த்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"தம்பி எங்க? எழுந்து நில்லுப்பா. எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் தட்ட ஆரம்பித்து, பிறகு கோவிலே தட்டியது. அம்மா தட்டவில்லை. அவள் பீடத்தைப் பார்த்தபடி கைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கிற்றா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊரில் நன்றிப் பூசை கொடுத்தவர்கள் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று ஏதாவது கொடுக்க வேண்டும். அம்மா வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் சேர்த்துப் பேப்பரில் மடித்த பொட்டலங்களை ஒரு அன்னக்கூடையில் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் அவளே கொடுத்தாள். வாங்கியவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எந்த ஊருப்பா?" என்று கேட்டவர்களிடம் "இன்னும் வரலைங்க, ரெண்டு எடத்துலேர்ந்து வரணும்" என்றேன். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த யாரும் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. சின்னம்மா மட்டும் வாங்கினாள்.

"வரலியா? அப்ப இது எதுக்குக்கா?" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"தின்னறதுக்கு," என்றாள் அம்மா.

அடுத்த நாள் அப்பா ஒரு சூட்கேஸோடு வந்தார். நீல நிறம், அடியில் இரண்டு சக்கரம், இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கைப்பிடி. கமிட்டியில் அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்களாம். எங்கள் ஊர் ஆள் ஒருவர் அங்கே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "வேணாம்னு சொன்னம்பா," என்றார் அப்பா. "கேக்கல. தோள்ல வெச்சு அமுக்கிட்டானுவ." வாழ்நாள் முழுக்கத் தோளிலேயே எல்லாவற்றையும் சுமந்தவர்கள் எனக்குச் சக்கரம் வைத்த பெட்டி தேடிப்பிடித்து வாங்கியிருந்தார்கள். தங்கை அதை வீட்டுக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்துப் பார்த்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். பிறகு அதைப் பரணில் ஏற்றாமல் மூலையில் நிறுத்திவைத்தார்கள். படுத்தாலும் எழுந்தாலும் அதுதான் கண்ணில் பட்டது.

காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பிறகு மூலையில் சூட்கேஸ் தெரியும். பரீட்சையில் எழுதிய விடைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தித் திருத்திப் பார்ப்பேன். ஒரு கணக்கில் குறியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தால் அன்று முழுவதும் அந்தக் கழித்தல் குறிதான். ஊருக்குள் நடந்தால் "எப்பப்பா கெளம்பற?" என்பார்கள். அதனால் ஆள் இல்லாத ஏரிக்கரைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். தண்ணீர் வற்றிய ஏரி. கருவேல மரங்கள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், கொஞ்ச தூரம் தள்ளித் தங்கை நிற்கிறாள்.

"நீ எங்கடி இங்க?"

"ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தேன்."

"எங்க ஆடு?"

"சின்னம்மாவூட்டு ஆட்டுக்கு," என்றாள். கையில் தழையும் இல்லை, அரிவாளும் இல்லை. அவளுக்கும் சின்னம்மாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் அவளுக்குப் பதிலாக அம்மாவே, கழனி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கரைமேல் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தோற்றுப்போனவனை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள், பின்பக்கத் தாழ்வாரத்தில் மண்வெட்டி எடுக்கப் போனேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே மல்லாட்டைக்கு அடிக்கிற பூச்சி மருந்து டப்பா எப்போதும் சொருகியிருக்கும். அந்த இடம் காலியாக இருந்தது. தெளிக்கிற இயந்திரம் மட்டும் கீழே கிடந்தது. வழக்கமாகச் சாமான் காணவில்லை என்றால் கேட்கிற மாதிரியேதான் கேட்டேன்.

"எம்மா, மருந்து டப்பா எங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கையில் கரண்டி. கரண்டியிலிருந்து குழம்பு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கு ஒனக்கு?"

"சும்மாதாம்மா. காணமேன்னு கேட்டேன்."

"அது எதுக்குடா ஒனக்கு இப்ப?"

அவளுடைய குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. தங்கை இல்லாத ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்ததும் புரிந்தது. போன வருஷம் பக்கத்து ஊரில், பிளஸ் டூ முடிவு வந்த அன்று, ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை இழந்தார்கள். சாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து அம்மாதான் போய்விட்டு வந்தாள். வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எனக்கு அப்பிடியெல்லாம் இல்லம்மா," என்றேன்.

"எப்பிடியெல்லாம்?" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் போல. பிறகு திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் மண்வெட்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்படியெல்லாம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவளை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை. சிரித்தால் நடிக்கிறேன் என்று நினைப்பாள். பேசாமல் இருந்தால் இன்னும் பயப்படுவாள்.

இரண்டாவது முடிவு வருகிற அன்று நான் திண்டிவனத்துக்குப் போகவில்லை. அந்த அண்ணனின் டீயை இன்னொரு தரம் மறுக்கத் தெம்பில்லை. விழுப்புரம் போகிறேன் என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வேலைக்குப் போவலியாப்பா?"

"விழுப்புரத்துல எனக்கு ஒரு ஆளப் பாக்கணும்."

காய்ச்சலிலும் வேலைக்குப் போகிறவர். விழுப்புரத்தில் அவர் பார்க்க வேண்டிய ஆள் யாரும் கிடையாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு டிக்கெட்டையும் அவரே வாங்கினார். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்க குந்தினு இருக்கேன்," என்று ஒரு சிமெண்டு பெஞ்சைக் காட்டினார்.

அதே மாதிரி அட்டைத் தடுப்பு. அதே மாதிரி வெள்ளைத் திரை. இந்தத் தடவை தேர்வானவர்களின் எண்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். என் எண்ணுக்கு முந்தையது இருந்தது. பிந்தையது இருந்தது. அந்த இரண்டு பேரும் பரீட்சை அறையில் எனக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் இருந்தவள் என்னிடம் ரப்பர் கேட்டு வாங்கியது ஞாபகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தேன். அப்பா பெஞ்சில் இரண்டு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னுடையதன்மேல் ஆடை படிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் டீயை எடுத்து நீட்டினார். நான் குடித்து முடிக்கிறவரை திருவண்ணாமலை பஸ் பின்வாங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வேணாம்னாங்கன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா."

"ஒண்ணுமே சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"கமிட்டில ஒரு மூட்டையத் திருப்பி அனுப்பினாக்கூட ஈரமா கீது, காய வெச்சு எடுத்துனு வான்னு சொல்லித்தான்டா அனுப்புவாங்க," என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் எனக்கு எது வலிக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் சொல்லிவிட்டார். ஈரம் என்றால் காயவைத்திருப்பேன். எது குறை என்று தெரியாததால் ராத்திரி பகலாக என்னிடம் இருந்த எல்லாவற்றையும் குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்: என் இங்கிலீஷ், என் கல்லூரி, கோவிலில் தூண் மறைவில் உட்கார்ந்தது. ஊருக்குத் திரும்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அவர் கையைப் பிடித்து நான் ரோட்டைக் கடந்து பல வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாவது முடிவு தள்ளிக்கொண்டே போனது. வடக்கே இருந்த அந்த இடம்தான் நான் மிகக் குறைவாக நம்பியது. மற்ற இரண்டும் போன பிறகு அதைத்தான் மிக அதிகமாக விரும்பினேன். அந்த ஊரின் குளிரைப் பற்றி யோசித்தேன். ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். அம்மா ஒவ்வொரு செவ்வாயும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். முன்வரிசைக்குப் போவதை விட்டுவிட்டாள். வாசல் ஓரமாக நின்று ஏற்றிவிட்டு, மற்ற பெண்கள் வெளியே வருவதற்கு முன்னால் கிளம்பிவிடுவாள். பம்பில் தண்ணீர் அடிக்கும்போது சின்னம்மா கேட்டாளாம்: "ஏன்க்கா, நன்றிய மொதல்ல அனுப்பிட்ட, சீட்டு எந்த பஸ்ல வருது?" தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா பதில் சொல்லாமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். பதில் சொல்லாமல் வருகிற ஆள் இல்லை அவள்.

முடிவு வந்த அன்று திண்டிவனத்துக்கே போனேன். சென்டர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் பழைய இடத்தில் உட்காரப் போனபோது தடுத்தார். "அங்க வேணாம் தம்பி. அந்தச் சீட்டு ராசி இல்ல. மூலைல குந்து." மூலையில் உட்கார்ந்தேன். எண்ணை அடித்தேன். அதே வரி வந்தது. இரண்டாம் தடவை அடித்துப் பார்க்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்னால் நானே "டீ சொல்லுங்கண்ணா" என்றேன். குடித்தேன். அவர் என்னிடம் ஏதோ கிரிக்கெட் பேசினார். என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை. அழுகை அப்போதுதான் வந்தது. அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா இடிந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றிருந்தாள். "வரலம்மா" என்றேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண் ஒட்டிய அவள் கை என் கன்னத்தில். "சரி. வந்துட்டல்ல? உள்ள வா. கேப்பைக் களி ஆறிப்போவுது," என்றாள். அன்றைக்கும் அப்பா வீட்டில் இருந்தார். தங்கையும் இருந்தாள். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று தங்கை மூன்று நான்கு தரம் சொன்னாள்.

அந்த வருஷம் நான் திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தப் போனேன். ஒளிவிலகல் பாடம் வரும்போது கரும்பலகையில் முப்பட்டகத்தை வரைந்துவிட்டு, அதற்கப்பால் மஞ்சள் கோட்டை இரண்டாகப் போடுவதா ஒன்றாகப் போடுவதா என்று சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். புத்தகத்தில் ஒன்றுதான் இருந்தது. சூட்கேஸில் அம்மா விதை மல்லாட்டை கொட்டி வைத்தாள். எலி போகாது, காற்றும் போகாது என்று அப்பா சொன்னார். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வேறு எதற்கும் தோதுப்படாது.

மழை பிடித்த பிறகு, நானும் அம்மாவும் உபதேசியார் வீட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று நின்றாள். "வா, பூசைக்கு நாள் சொல்லிட்டுப் போவம்," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வெளியிலேயே நின்றேன். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

"இன்னா கருத்தும்மா? மன்றாட்டா?"

"நன்றிங்கய்யா."

அவர் பேனாவைத் தூக்கினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எதுக்கு நன்றி?"

"புள்ள ஊட்ல கீறான்ல," என்றாள் அம்மா. "அதுக்கு."

உபதேசியார் 'ஒரு குடும்பத்தின் நன்றி' என்று மட்டும் எழுதிக்கொண்டு, அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அம்மா தலையாட்டினாள்.

அந்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. சாமியார் அதை மற்ற கருத்துகளோடு சேர்த்து வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அம்மா முன்வரிசையில் இருந்தாள். அவள் கொடுத்தது எதற்கென்று அந்தக் கோவிலில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். நானும் தூண் மறைவில் முழங்காலில் நின்று நன்றி சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை. எனக்கு அந்த லேசர் அறைதான் வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு நான் இருந்தால் போதும் என்று இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. சாமியார் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன்.

பூசை முடிந்து வாசலில் அம்மா பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை எதற்கென்று கேட்கவில்லை. எனக்கும் ஒன்று நீட்டினாள் அம்மா. பேப்பர் மழையில் நனைந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் மல்லாட்டையும் வெல்லமும். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால், தின்றேன்.